தடிமன் காய்ச்சல் ஊசி: நம்ம வீட்டில் யாருக்கு முதலில்?



இம்முறை நாம் படிக்கப் போவது ஓர் ஊசியைப் பற்றி. டொக்டர்மார் 'இன்புளுவென்சா' என்று சொல்லும் தடிமன் காய்ச்சலுக்கு, ஆண்டுக்கு ஒரு தடவை போடும் தடுப்பூசி அது. பிள்ளைகளுக்குப் போடும் ஊசிகள் இலவசம். கர்ப்பிணித் தாய்க்குப் போடும் ஏற்பு ஊசியும் இலவசம். நாள் வந்தால் மிட்வைப் அம்மாவே வந்து ஞாபகப்படுத்துவார். இந்த ஊசி அப்படியல்ல. அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது பொதுமக்கள் எல்லோருக்குமான ஊசியாக இல்லை. போட விரும்புகிறவர் தாமே விசாரித்து, பெரும்பாலும் தாமே காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அதனால் போடுவதா, விடுவதா, போட்டால் வீட்டில் யாருக்கு என்ற முடிவு நம் தலையில்தான் வந்து விழுகிறது. அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதே இந்தப் பாடம்.

1. திருகோணமலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பாடத்துக்குத் திருகோணமலையை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். அங்கே தேயிலை இல்லையே என்று கேட்பீர்கள். தேயிலை இல்லை, ஆனால் நம் சனம் இருக்கிறது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வடக்கு கிழக்குப் பக்கம் போன குடும்பங்களில் சில திருகோணமலை மாவட்டத்திலும் குடியேறின. கோணேஸ்வரத்துக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் நாம் பஸ் பிடித்துப் போகிறோம். துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் 1980 முதல் நடக்கும் பிறீமா மா ஆலையின் மாவில் நாம் ரொட்டி சுடுகிறோம்.

ஆளும் சாமானும் போய் வருகிற இடத்துக்கு நோயும் போய் வரும். இன்புளுவென்சாக் கிருமி உடம்பில் புகுந்து 1 முதல் 4 நாளைக்குள் காய்ச்சல் தொடங்கும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அது மற்றவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். கோயிலுக்குப் போய்ச் சுகமாக பஸ் ஏறியவர், லயத்துக்கு வந்து சேர்ந்து இரண்டாம் நாள் படுத்துக்கொள்வது இப்படித்தான். அதற்குள் ஒரே காம்பிராவில் இருக்கும் மற்ற நாலு பேருக்கும் கிருமி போயிருக்கும்.

இந்த நாட்டில் இன்புளுவென்சா கூடும் காலம் இரண்டு. ஒன்று ஏப்ரல் முதல் ஜூன், ஜூலை வரை. மற்றது நவம்பர் முதல் ஜனவரி வரையான காலம். முதலாவது சித்திரைப் புத்தாண்டுப் போக்குவரத்தோடும் நம் மேற்குப் பக்கத்து மழையோடும் சேர்ந்து வரும். இரண்டாவது, திருகோணமலையில் வடகீழ்ப் பருவ மழை கொட்டும் காலம். இரண்டிலும் சனங்கள் கதவை யன்னலைச் சாத்திக்கொண்டு நெருங்கி இருப்பார்கள்.

2. துறைமுகம் வழியாக வந்த பழைய பாடம்

'தடிமன் காய்ச்சல்தானே' என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். 1918ஆம் ஆண்டில் இதே இன உயிரி உலகத்தையே உலுக்கியது. முதலாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலம் அது. 1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் காய்ச்சல் தலைகாட்டியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்தது. பிற்காலத்து ஆய்வாளர்கள் போட்ட ஒரு கணக்கின்படி, இந்தத் தீவு அந்த நோயால் இழந்த சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சம். வேறு கணக்குகள் இதைவிடக் குறைவாகச் சொல்கின்றன. எந்தக் கணக்கை எடுத்தாலும் அது பெரிய சாவுதான்.

நம் பாட்டன் பூட்டிமார் மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். அங்கே அம்மைக்கு ஊசி போட்டு, பேதியும் கொள்ளை நோயும் இருக்கிறதா என்று பார்க்கச் சில நாள் தடுத்து வைத்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். ஆனால் இன்புளுவென்சாவுக்கு அன்று ஊசி இல்லை. அதன் கிருமி எது என்றே அப்போது தெரியாது. மனிதரைப் பிடிக்கும் இன்புளுவென்சா வைரஸ் 1933இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஊசி 1940களில் வந்தது. 1918இல் ஏழை, பணக்காரர் எவருக்கும் 'போடுவதா விடுவதா' என்ற கேள்வியே இல்லை. இன்று நமக்கு அந்தக் கேள்வியாவது இருக்கிறது.

அந்த நோய் பிறகு இல்லாமல் போய்விடவில்லை. 2009இல் புதிய வகை இன்புளுவென்சா உலகம் முழுக்கப் பரவியது. பன்றிக் காய்ச்சல் என்று பேப்பரில் வந்தது அதுதான். அந்த ஆண்டு ஜூன் மாதம் இலங்கையிலும் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். உலகத்தில் அந்த நோய் கடுமையாகப் பிடித்தவர்களில் கர்ப்பிணித் தாய்மார் ஒரு முக்கியமான பிரிவினர். சாதாரண ஆண்டுகளில்கூட, மூச்சு சம்பந்தப்பட்ட இன்புளுவென்சாச் சாவுகள் உலகத்தில் 2 இலட்சத்து 90 ஆயிரம் முதல் 6 இலட்சத்து 50 ஆயிரம் வரை இருக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது.

3. எல்லாக் காய்ச்சலும் இது அல்ல

முடிவு எடுக்க முன்னால் நோயைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சாதாரணத் தடிமன் மெல்ல மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், வேலைக்குப் போகலாம்.

இன்புளுவென்சா திடீரென்று வரும். காலையில் கொழுந்து எடுத்தவர் பின்னேரம் நடுங்கிக்கொண்டு படுப்பார். கடும் காய்ச்சல், தலையிடி, உடம்பு முறித்துப் போட்டது போல நோவு, வரட்டு இருமல். ஒரு கிழமை கிடக்க வைக்கும். அந்த ஒரு கிழமைப் பேரும் போகும்.

டெங்கு வேறு. அது நுளம்பால் வருவது. தொடக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியலாம். 2017ஆம் ஆண்டு இந்த நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். அந்த ஆண்டின் முதல் மாதங்களில் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று திருகோணமலைத் துறைமுகத்துக்கு அக்கரையில் உள்ள கிண்ணியா. ஆகவே ஒன்றை நன்றாக ஞாபகம் வையுங்கள்: தடிமன் காய்ச்சல் ஊசி டெங்குவைத் தடுக்காது. ஊசி போட்டவருக்குக் காய்ச்சல் வந்தாலும், 'ஊசிதான் போட்டாச்சே' என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். அதுவரை பரசிட்டமோல் மட்டும் கொடுக்கலாம். அஸ்பிரின், புரூபன் போன்றவை கூடாது. டெங்கு என்றால் அவை இரத்தப் போக்கைக் கூட்டிவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் 'ஹிப்' என்று ஒன்று இருக்கிறது. அதன் முழுப் பெயரிலும் 'இன்புளுவென்சா' வரும். பழைய காலத்தில் இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் என்று ஒரு பக்டீரியாவைத் தவறாக நினைத்து வைத்த பெயர் அது. அந்த ஊசி வேறு நோய்க்கு. 'புள்ளைக்கு அப்பவே போட்டாச்சு' என்று இதை விட்டுவிடாதீர்கள். கொரோனாவுக்குப் போட்ட ஊசியும் வேறு, இது வேறு.

4. ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது?

உள்ளதை உள்ளபடி சொல்வோம். இது முழுக் காவல் தரும் ஊசி அல்ல. ஊசியும் அந்த வருடம் ஓடும் கிருமியும் நன்றாகப் பொருந்தினால், டொக்டரிடம் போகும் அளவுக்கு நோய் வருவதை 100க்கு 40 முதல் 60 வரை குறைக்கும். அதாவது, ஊசி போடாத ஒரு கூட்டத்தில் பத்துப் பேருக்கு வருமானால், போட்ட கூட்டத்தில் நாலு, ஐந்து, ஆறு பேருக்கு வரலாம். வந்தாலும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அளவுக்குப் போவதும் சாவும் குறையும். பெரிய பயன் இதுதான்.

ஏன் வருஷா வருஷம் போட வேண்டும்? இந்தக் கிருமி சட்டை மாற்றுவது போல உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நம் உடம்பில் ஏறிய பாதுகாப்பும் மாதங்கள் போகப் போகக் குறையும். எந்தெந்த நாட்டில் எந்தக் கிருமி ஓடுகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நம் நாட்டில் அந்த வேலையைச் செய்வது கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். அந்தத் தகவல்களை வைத்து உலக சுகாதார ஸ்தாபனம் ஆண்டுக்கு இரண்டு தடவை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், அடுத்த ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று சொல்கிறது.

'ஊசி போட்டாத்தான் காய்ச்சலே வருது' என்று பலர் சொல்வார்கள். கையில் போடும் இந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் இன்புளுவென்சாவை உண்டாக்க முடியாது. ஊசி போட்ட இடம் நோவும். சிலருக்கு ஒன்றிரண்டு நாள் லேசாக உடம்பு சுடும். அது உடம்பு பழகுகிற அடையாளம். பாதுகாப்பு வர ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். அதற்குள் கிருமி பிடித்தால் நோய் வரும், பழி ஊசியில் விழும்.

பெரிய தீங்கு மிக அரிது. நரம்புத் தளர்ச்சி தரும் ஒரு நோய், பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர் போடக் கூடாது. கடும் காய்ச்சலோடு இருப்பவர் சுகமான பிறகு போட வேண்டும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர் அதை டொக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி போட்டதும் வீட்டுக்கு ஓடாமல் கால் மணித்தியாலம் அங்கேயே இருங்கள்.

5. ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை வைத்துக் கொள்வோம். அம்மா தோட்டத்தில், வயது 58, சீனி வருத்தம் உண்டு. அப்பா பென்சன் எடுத்தவர், வயது 67, நோய் இல்லை. மகள் கலியாணம் முடித்துத் திருகோணமலையில், ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு மூன்று வயது மூத்த பிள்ளை. மருமகன் துறைமுகப் பக்கம் மூட்டை ஏற்றும் வேலை, திடகாத்திரமான ஆள். கையில் உள்ள காசுக்கு இரண்டு ஊசிதான் போடலாம். மகள் போனில் அம்மாவோடு பேசுகிறாள்.

மகள்: அம்மா, டவுன்ல ஒரு டொக்டர்கிட்ட அந்த ஊசி இருக்குதாம். இவருக்குப் போட்டுறலாமுன்னு பாக்குறேன். இவரு படுத்துட்டா வீட்டுல அடுப்பு எரியாதே.

அம்மா: அது சரிதான் புள்ள. ஆனா மாப்பிள்ளைக்கு வந்தா ஒரு கிழமை படுத்து எந்திரிச்சிருவாரு. ஒனக்கு வந்தா ரெண்டு உசுருல்ல?

மகள்: வவுத்துல புள்ளையோட ஊசி போடலாமாம்மா? பயமா இருக்கு.

அம்மா: நம்ம மிட்வைப் அம்மாகிட்ட கேட்டேன். போடலாம், எந்த மாசத்துலயும் போடலாமுன்னு சொன்னாங்க. கிளினிக் கார்டைக் காட்டி அங்க டொக்டர்கிட்ட இன்னொருக்கா கேட்டுக்க.

மகள்: அப்ப மத்தது அப்பாவுக்கா, ஒங்களுக்கா?

அம்மா: அப்பாவுக்குப் போட்டுறேன் புள்ள, வயசாளி.

மகள்: ஒங்களுக்குச் சீனி இருக்குல்ல? நீங்கதானே பேறுக்கு வந்து ரெண்டு மாசம் புள்ளையத் தூக்கப் போறீங்க?

இந்தப் பேச்சை நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

மகளுக்கு முதல் இடம் கொடுத்தது சரி. கர்ப்ப காலத்தில் நெஞ்சும் மூச்சும் சுமை தாங்கும் நேரம், நோய் கடுமையாகும். அதோடு, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய் கர்ப்பத்தில் போட்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் போய், பிறந்த முதல் மாதங்களில் உதவும். ஒரு ஊசி, இரண்டு பேருக்குக் காவல்.

இரண்டாவது அம்மா. சீனி வருத்தம், இருதய நோய், தொய்வு, சிறுநீரக நோய் உள்ளவருக்கு இன்புளுவென்சா வந்தால் நியூமோனியாவரை போகலாம். மேலும் பிறந்த பிள்ளையைத் தூக்கப் போகிறவர் அவர்.

மூன்றாவது அப்பா. வயது 65ஐத் தாண்டினால் நோய் இல்லாதவருக்கும் ஆபத்து கூட. அடுத்த மாதம் காசு சேர்ந்தால் அவருக்குப் போட வேண்டும்.

மூத்த பிள்ளையும் ஐந்து வயதுக்குக் குறைந்ததால் ஆபத்துப் பிரிவில்தான் சேரும். ஆனால் சிறு பிள்ளைக்கு முதல் தடவை போடும்போது நாலு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். செலவு இரட்டிப்பாகும். பிள்ளைக்குத் தொய்வு இருந்தால் அந்தச் செலவு கட்டாயம் பெறும், வரிசையும் மாறும். மருமகன் கடைசி. அவர் உழைப்பு முக்கியம் இல்லை என்பதல்ல. நோயைத் தாங்கும் உடம்பு அவருக்கு இருக்கிறது.

நம் வீடுகளில் காசு குறைந்தால் முதலில் சம்பாதிக்கும் ஆணுக்குப் பார்ப்பதும், பொம்பிளைகள் 'எனக்கு வேணாம்' என்று சொல்லிவிடுவதும் வழக்கம். இந்த விஷயத்தில் அந்த வழக்கம் பொருந்தாது. யாருக்கு நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டி வரும் என்பதே கேள்வி.

6. எங்கே, எப்போது, எப்படி?

முதலில் இலவசமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, நீங்கள் மாதா மாதம் மருந்து எடுக்கும் கிளினிக், தோட்டத்து மிட்வைப், சேமநல உத்தியோகத்தர் எல்லோரிடமும் கேட்கலாம். கேட்பது வெட்கமல்ல.

இல்லை என்றால் தனியார் ஆஸ்பத்திரியில் அல்லது டொக்டரிடம் விலையை முதலில் கேளுங்கள். ஒரு நாள் பேருக்குக் கிடைக்கும் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கலாம். எல்லா நேரமும் கையிருப்பில் இராது. போன் பண்ணிவிட்டுப் போனால் பஸ் காசு மிஞ்சும். புதிதாக வந்த ஊசியா, காலாவதித் திகதி என்ன என்றும் கேளுங்கள்.

ஊசி மருந்தை வாங்கிப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டு வராதீர்கள். அது எந்நேரமும் 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். கண்டியில் இருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் தாண்டித் திருகோணமலை போய்ச் சேரும் பஸ் சூட்டில் அது கெட்டுவிடும். எங்கே ஊசி இருக்கிறதோ அங்கேயே போட வேண்டும்.

பருவம் தொடங்க இரண்டு, மூன்று கிழமை முன்னாலேயே போடுவது நல்லது. மாரிக்கு முன் என்றால் ஒக்டோபர். சித்திரைக்கு முன் என்றால் மார்ச். வழக்கமாக ஆண்டுக்கு ஒன்று போதும். கர்ப்பிணி பருவத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

7. காசு இல்லை என்றால்?

ஊசி போட முடியாத வீடு கைவிடப்பட்ட வீடு அல்ல. காய்ச்சல்காரரை முடிந்தவரை தனியாகப் படுக்க வையுங்கள். காம்பிரா யன்னலைப் பகலில் திறந்து வையுங்கள். இருமும்போது முழங்கை மடிப்பால் வாயை மூடப் பழக்குங்கள். சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சல், இருமல் உள்ள பிள்ளையைப் பிள்ளை மடுவத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு வந்தால் பத்துப் பிள்ளைக்கு வரும். பச்சைக் குழந்தையைப் பார்க்க வரும் உறவினருக்குத் தடிமன் இருந்தால், 'சுகமானதும் வாங்க' என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

கர்ப்பிணி, முதியவர், நாட்பட்ட நோய் உள்ளவர் ஆகியோருக்குக் கடும் காய்ச்சல் வந்தால் முதல் நாளே டொக்டரிடம் காட்டுங்கள். இன்புளுவென்சாவுக்கு மருந்து உண்டு. முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

கீழ்க்கண்ட அடையாளம் ஏதும் கண்டால் பெரட்டு, லீவு என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்:

– மூச்சு வாங்குதல், நெஞ்சு நோவு
– உதடு நீலம் பாய்தல்
– பிதற்றல், எழுப்ப முடியாத தூக்கம்
– பிள்ளை பால், தண்ணீர் குடிக்காமல் இருத்தல்
– விடாத வயிற்று நோவு, வாந்தி, எங்காவது இரத்தம் கசிதல்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும்.

கூடிப் பேசுவோம்

லயத்தில் நாலு வீட்டார் சேர்ந்து இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள். படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டலாம்.

1. நம் வீட்டில் கர்ப்பிணி, 65 வயது தாண்டியவர், சீனி வருத்தம் அல்லது தொய்வு உள்ளவர், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை யார் யார்? பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள்.
2. ஒரே ஒரு ஊசிக்குத்தான் காசு இருந்தால் அந்தப் பட்டியலில் யாருக்கு? ஏன்?
3. 'எனக்கு வேணாம்' என்று நம் வீட்டில் எப்போதும் சொல்கிறவர் யார்? அவர் பெயர் பட்டியலில் எங்கே நிற்கிறது?
4. அடுத்த கிளினிக் நாளில் மிட்வைப் அம்மாவிடமோ டொக்டரிடமோ நாம் கேட்க வேண்டிய கேள்வி என்ன?

நாலாவது கேள்விக்கு விடை கிடைத்ததும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஊசி எங்கே இருக்கிறது, என்ன விலை என்பது ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் முழு லயத்துக்கும் தெரிந்த மாதிரி ஆகட்டும்.